பதினெட்டு இஞ்சி

திங்கள் தொடக்கம் வெள்ளி வரை
சீனக்குடா மா ஆலையில் எடைப்பாலம்.
லொறி ஏறும், இலக்கம் எரியும், துண்டு கிழித்துக் கொடுப்பேன்.
சனி ஞாயிறில் மரம்.
உப்புவெளியில் கூரைமேல் சாய்ந்த வேம்பு,
மனையாவெளியில் மதிலைப் பிளந்த வாகை,
நிலாவெளி ஹொட்டல் ஒன்றுக்கு
அறையிலிருந்து கடல் தெரிய வேண்டுமென்று
மூன்று சவுக்கு.
அந்தக் காசில்தான் மகளுக்கு மூக்குக்கண்ணாடி.

இரவல் வாளுக்கு நாள்வாடகை மூவாயிரத்து ஐந்நூறு.
கணக்குப் போட்டேன்:
ஆறு மாதத்துக்கு ஒரு புது வாள்
என் காசில் பிறந்து
ஆரோ ஒருவரின் தகரக் கொட்டிலில் உறங்குகிறது.

என்.சி. வீதிக் கடையில் பையன்
இருபத்திரண்டு இஞ்சியைத் தூக்கித் தந்தான்.
"இதுக்கு முதிரையும் வெண்ணெய்தான் அண்ணை."
கண்ணை மூடிப் பிடித்துப் பார்த்தேன்.
ஏழு கிலோ. பெற்றோலும் ஒயிலும் ஊற்றினால் எட்டு.
நிலத்தில் எட்டு என்றால் எட்டு.
முப்பது அடியில் ஒரு கொப்பில் கால் வைத்து
மறு கொப்பை அறுக்கையில்
அது கோதுமை ஏற்றிய லொறி.

மலிவான ஒன்றும் இருந்தது.
உதிரிப்பாகம் கொழும்பில் எடுக்கலாம் என்றான்.
கொழும்பில் என்றால் இல்லை என்று அர்த்தம்.

எங்கள் மரங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு.
போன ஆவணி, கன்னியா ரோட்டில் ஒரு புளி.
பாதி அறுவையில் வாள் வேறு குரலில் கத்தியது,
பொறி பறந்தது.
ஒரு சாண் ஆழத்தில்
சுண்டுவிரல் நுனியளவு இரும்பு.
எந்த வருடம் யார் சுட்டதோ,
புளி அதைச் சுற்றித் தடித்து
வாயை மூடிக்கொண்டு காய்த்திருக்கிறது.
சங்கிலியில் ஒன்பது பல் போயிற்று.
வீட்டுக்காரர் அந்த இரும்பை வாங்கிப் பார்த்தார்,
சட்டைப் பைக்குள் போட்டார்,
சங்கிலிக் காசைப் பேரம் பேசாமல் எண்ணித் தந்தார்.

ஆகவே எனக்கு வேண்டியது
மூலைக் கடையிலும் சங்கிலி கிடைக்கிற வாள்.
ஐம்பது சிசி. பதினெட்டு இஞ்சி.
அதிர்வைத் தின்கிற நல்ல ரப்பர்,
திங்கட்கிழமை இந்த விரல்கள்தான் பேனா பிடிக்க வேண்டும்.

பாலையூற்றில் ஒன்று விலைக்கு இருப்பதாகச் சொன்னார்கள்.
மெற்றில்டா சாக்கை விரித்து அதன்மேல் வைத்தாள்.
"அவர் கட்டாருக்குப் போயிட்டார்.
அங்க மரமே இல்லையாம்."
பதிவுத் துண்டை பிஸ்கற் ரின்னிலிருந்து எடுத்தாள்.
நான் இழுத்தேன், ஆறு முறை. அசையவில்லை.
அவள் சோக்கைப் பாதி தள்ளி இழுத்தாள்.
பக்கத்து வீட்டு நாய் ஓடிற்று.

நிறுத்திவிட்டுப் பல்லைத் தடவினேன்.
எல்லாம் ஒரே சரிவு, ஒரே நீளம்.
"ஆர் அராவினது?"
"நான்."
"கயிறு?"
"அதுவும் நான்தான் பிடிச்சன்.
உங்களுக்கு ஆர்?"
"மச்சான்," என்றேன். "வந்தால்."
அவள் என் இடது முழங்கைத் தழும்பைப் பார்த்தாள்.
மச்சான் வராத ஒரு ஞாயிறு அது.

தொண்ணூறு கேட்டாள், எண்பது சொன்னேன்.
"எண்பத்தைந்து. சனிக்கிழமை எத்தனை மணிக்கு?"
வாளை எடுக்க வரும் நேரம் என்று நினைத்து
ஏழு என்றேன்.
கொட்டிலுக்குள் போய்
சுருட்டிய நைலோன் கயிற்றோடு வந்தாள்.
"இது விக்கிறதில்லை.
கூலி மூன்றில் ஒன்று."

இப்போது கச்சேரிப் பக்கம் ஒரு பலா.
கொப்பில் கயிறு கட்டியாயிற்று,
அறுவை முக்கால்வாசி.
கீழிருந்து குரல்:
"பொறுங்கோ, மான் நிக்குது."
இரண்டு புள்ளிமான்,
முன்பு விழுந்த கொப்பில் இலை கடித்தபடி.
கல் எறியவும் இல்லை, அதட்டவும் இல்லை,
கயிற்றை இடுப்பில் சுற்றிச் சாய்ந்து நிற்கிறாள்.

மேலே நான்,
கையில் ஆறு கிலோ நானூறு கிராம்
உறுமாமல் உறுமிக்கொண்டு.