அலசல்

சால்மியா, கடலோரச் சாலை. மணி நான்கே கால்.
முந்தாநாள் அடித்த புழுதி
ஆறு மாடிக் கண்ணாடியிலும்
மாவு சலித்ததுபோல் உட்கார்ந்திருக்கிறது.
வண்டிக்குள் ரெசின் குடுவை, பம்ப்,
நூறு மீட்டர் குழாய்ச்சுருள்.
மீட்டரை நீரில் நனைத்தால்
மூன்று சைபர்.
உப்பில்லை, சுண்ணாம்பில்லை.
ஒருநாள் குடித்துப் பார்த்தேன்,
நாக்கு ஏமாந்துபோனது.

வெயிலுக்கு முன் கிழக்குப் பக்கம் முடிய வேண்டும்.
சுட்ட கண்ணாடியில்
வழிவதற்குள் காய்ந்துவிடும் நீர்.
அப்புறம் சைபராவது ஒன்றாவது,
கரைத்த அழுக்கையே
கையெழுத்தாகப் போட்டுவிட்டுப் போகும்.

போன வாரம் புது பிரஷ் வந்தது.
நுனி பிளந்த முடி,
நீரை விடாமல் பிடித்துக்கொள்கிற முடி.
ஈரத்தோடு கன்னத்தில் தேய்த்துப் பார்த்து
"நைலானே இல்ல இது, பட்டு" என்றான் நெய்னா.
பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்து.
நான்தான் படித்தேன்.
சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

பன்றி முடி, என்றேன்.

கத்தவில்லை அவன்.
பிரஷைத் தரையில் வைத்தான்
வெடிக்காத பட்டாசை வைப்பதுபோல்.
குழாயைத் திறந்து கன்னம் கழுவினான்,
கை கழுவினான்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு.
"ஏழுல ஒரு தடவை மண்ணு சேரணும், ரொசாரியோ."
மூன்று கிலோமீட்டர் கண்ணாடிக்கு
மண்ணை விரட்டித் திரிகிறவர்கள் நாங்கள்.
தரைத்தள ஜன்னல் விளிம்பில்
விரலால் வழித்து
அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

"முதல் கழுவலுக்கு அதை மிஞ்ச ஒண்ணும் கிடையாது"
என்று ஜிஜோ போனில் சொன்னார்.
இருக்கலாம்.
கம்பம் ஒன்று, குழாய் ஒன்று,
கை மாற்றிப் பிடிக்கிற இருவர் நாங்கள்.
பெட்டியை ஒட்டித் திருப்பி அனுப்பினேன்.

இன்று நைலான்.
மேல் சட்டம் முதலில்.
அங்கே பதுங்கிய தூசியை இறக்காமல் வந்தால்
நாம் குழாய் சுருட்டிய பின்
அதுவாக இறங்கிவரும், ஒற்றைக் கோடாக.
முதல் நனைப்பில் அழுத்தக் கூடாது,
மணல் இருக்கும்
கீறல் யார் சம்பளத்தில் போகும்?
ஊறவிட்டுத் தேய்.
பிறகு அலசல்.

அலசலில்தான் எங்களுக்கு ஐந்து வருடச் சண்டை.
நான் பிரஷைத் தூக்கி அலசுகிற ஆள்:
கண்ணாடியை விட்டு ஒரு சாண் விலக்கி
விசிறி ஜெட்டில் போர்வைபோல் விரித்து விடுவேன்.
நெய்னா ஒட்டி அலசுகிறவன்,
முடி தொட்டபடியே இழுத்து வருவான்.
நீர் படர்கிற கண்ணாடியில் நான் சரி.
நீர் முத்துமுத்தாய் உருண்டு நிற்கிற கண்ணாடியில்
அவன் சரி.
எந்தக் கண்ணாடி எந்த ஜாதி என்று
நனைக்கும்வரை தெரியாது.
கழுத்து வலிக்கிற வேகத்தில் மறந்தும்போகும்.

நான்காவது மாடி, இடமிருந்து மூன்றாவது.
ஒரு புள்ளி.
"தூக்கி அலசினா இப்படித்தான்."
நீ பிடி, என்று கொடுத்தேன்.
ஒட்டி அலசினான். புள்ளி இருந்தது.
மறுபடி நான். மறுபடி அவன்.
கம்பம் மேலே நாணலாய் ஆடியது.
கிழக்கு வெளுத்துக்கொண்டே வந்தது.
இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தோம்.

உள்ளே விளக்கு எரிந்தது.
தலைமுடியை அள்ளி முடிந்தபடி
வேலைக்கார அம்மா ஒருத்தி வந்தாள்.
எங்கள் பிரஷ் நிற்கும் இடத்தைப் பார்த்தாள்,
கீழே எங்களைப் பார்த்தாள்.
கட்டைவிரலை நாக்கில் தொட்டு
அந்தப் பக்கத்திலிருந்து
ஒரே தேய்ப்பு.

விளக்கு அணைந்தது.
"மீட்டர் வச்சுப் பாக்கணும் அந்த எச்சில" என்றான் நெய்னா.
ஐந்தாவது மாடிக்கு
இன்னொரு கணு நீட்டினோம்.