ஏற்றத்தில் பேசியது

சங்கிலிக் கப்பியில் தொங்கியது பழைய எஞ்சின்
ஆயில் சொட்டிக்கொண்டு.
"எடைக்குப் போட்டா எட்டாயிரம் தேறும்" என்றான் அல்தாப்.
மீட்டரில் மூன்று லட்சத்துப் பதினோராயிரம்.

ஒன்பது நாள் கழித்து
வேறொரு வண்டியின் எஞ்சினோடும்
ஆறு கியரோடும் வந்தது சஃபாரி.
ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் பழைய எண்தான்,
திங்கட்கிழமை வரச்சொல்லியிருக்கிறார்கள்.

தொப்பூர் ஏற்றம்.
இரட்டைப்பாலம் தாண்டியதும்
வழக்கம்போல் ஏசியை அணைத்தேன்,
முதுகைச் சீட்டிலிருந்து எடுத்து
முன்னால் சாய்ந்தேன்,
"இந்தா, இன்னும் கொஞ்சம்தான்" என்றேன்.
அது கேட்கவில்லை.
கிரானைட் ஏற்றிய லாரியைத் தாண்டி
நாலாவது கியரிலேயே ஏறிக்கொண்டிருந்தது.

"யாருகிட்ட பேசறீங்க?" என்றாள் பூங்கோதை.
ஏசியைப் போட்டேன்.

பாளையம் டோல்கேட்டில் தப்பான வரிசை.
பின்னால் பஸ்காரன் ஒதுங்கி வழிவிட்டும்
ரிவர்ஸைப்
பழைய இடத்திலேயே தேடியது கை.