மூன்றாவது பத்தி

கிரிம்ஸ்பி மீன் ஆலையின் சாப்பாட்டு அறையில்
ஜின்ட்ரா புகார்க் கடிதம் எழுதுகிறாள்.
கையுறை கிழிசல், ஒன்று.
இரண்டு மணி நேரக் கூலியைப் பிடித்துக்கொண்டது, இரண்டு.
மூன்றாவதை எந்தச் சொல்லில் தொடங்க?

'மோரோவர்' டை கட்டிக்கொண்டு வருகிறது,
உட்கார்ந்ததும் வக்கீல் ஃபீஸ் கேட்கும்.
'ஆல்சோ' பால், முட்டை வாங்கும் சீட்டில் எழுதுவது.
'பிசைட்ஸ்' என்றால்
முன்னே சொன்னதெல்லாம் சும்மா என்று
தோளைக் குலுக்குகிற மாதிரி.

"'அண்ட்' போடு, போதும்"
என்கிறாள் மொரீன்,
வாய் நிறைய சிப்ஸ்.

மணி அடிக்க நாலு நிமிஷம்.
எதையும் போடாமல்
ஒரு வரி இடம் விட்டு
எழுதுகிறாள்:

என் இடது சுண்டுவிரல்
பதினோராம் தேதி
ஏழாம் நம்பர் ஐஸ்பெட்டியில்
ஹல்லுக்குப் போய்விட்டது.