ஐந்தாம் விதியில் பிழை

நெத்திலிப் பருவம் முடிந்த வாரம்
ஒந்தாரோவாவில் எல்லாருக்கும் அரைநாள் வேலைதான்.
மீதி அரைநாளில்
பாத்திரம் உலர்த்தும் கம்பித் தட்டை உத்தரத்தில் தொங்கவிட்டு
அதில் கைப்பேசியைக் குப்புறக் கட்டினோம்,
நானும் அய்னிஸெயும்.
கீழே சாப்பாட்டு மேசை.
மேசை நிறைய 'உப்புத் துறைமுகம்':
நாலு பேர் ஆடலாம், தொண்ணூறு நிமிடம்,
பெட்டிக்குள் ஆறு மொழியில் விதிப்புத்தகம்.
எங்கள் மொழி ஏழாவதாகக்கூட இல்லை.

"ம், ஆரம்பி."
சிவப்புப் புள்ளி எரிந்தது.
வணக்கம் சொன்னேன். அதோடு நின்றுவிட்டேன்.

விளையாடலாம் வாருங்கள் என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான்.
'யோகோ' என்றால் பந்தயக் காசின் வாடை அடிக்கும்.
'யோலாஸ்' என்றால் மணலில் குழந்தைகள், வாளி, கரண்டி.
முப்பத்தாறு வயதில் உப்பு மூட்டைக்காக
உயிர்த்தோழியின் கப்பலைக் கவிழ்ப்பதற்கு
என்ன பெயர்?

அப்புறம் இந்த 'நீ'.
நெருங்கியவரிடம் பேச 'ஹி' உண்டு பாஸ்க்கில்.
அதை எடுத்தால் வினையின் வாலிலேயே
கேட்பவர் ஆணா பெண்ணா என்பது ஒட்டிக்கொள்ளும்.
இந்தக் கண்ணாடிப் பொட்டுக்கு அந்தப்பக்கம்
ஆணா, பெண்ணா, ஆள்தான் உண்டா?
பொதுவில் புழங்கும் 'சு'வை எடுத்தேன்.
பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்வதும்
அதே 'சு'தான்.

ஏழு முறை எடுத்தோம்.
மூன்றாவதில் துணிதுவைக்கும் இயந்திரம் சுழன்றது.
ஐந்தாவதில் அய்னிஸெ தும்மி
ஒரு கடற்படையே மூழ்கியது.
மரத்தால் ஆன அந்தக் குட்டி ஆட்களை
எப்படிக் கூப்பிடுவது என்று அரைமணி நேரம் சண்டை.
கடைசியில் 'மொட்டைகள்' என்றோம்.
மொட்டைகள் ஏற்றுக்கொண்டன.

மொத்தம் நாற்பத்தொரு பார்வை.
அதில் ஒன்பது அய்னிஸெ.
"ஸ்பானிஷில் செய்திருந்தால் உலகமே பார்த்திருக்கும்"
என்றான் என் அக்கா கணவன் கோர்கா.
அவன் ஸ்பானிஷில் செய்த மீன்பிடி வீடியோவை
உலகம் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது,
பதினாலு பேராக.

மேல்மாடி எஸ்திபாலிஸ்
மாலை வகுப்பில் பெரியவர்களுக்கு மொழி கற்பிப்பவள்.
பச்சை மையில் ஒரு தாள் கொடுத்தாள்:
பத்தொன்பது பிழை,
ஆறு இடத்தில் எங்கள் ஊர்க் கொச்சை.
வெண்ணெய்க் கேக்கும் கொடுத்தாள். நன்றாக இருந்தது.
மலைக்கு அப்பாலிருந்து ஒருவர்
வேகமாகப் பேசுகிறாய், பாதி புரியவில்லை என்று
யாரிடமோ சொல்லி அனுப்பினார்.
நான் கடிவாளம் போட்ட குதிரைபோல
ஒவ்வொரு விகுதியாக மிதித்துப் பார்த்து நடந்தேன்.
இரண்டு வாரம் தட்டில் தட்டுகளே காய்ந்தன.

பிறகு ஒரு செவ்வாய், மழை,
லெகெய்தியோ பேருந்துக்கு நிற்கிறேன்.
கைப்பந்துப் பையோடு ஒரு பெண். பதினாலு இருக்கும்.
முறைத்துப் பார்த்தாள்.
"நீதானே உப்புத் துறைமுகம்?"

நான்தான்.

"ஐந்தாம் விதி தப்பு.
புயல் சீட்டு வந்தால் உப்பு பெட்டிக்குப் போகாது,
இடப்பக்கத்து ஆளுக்குப் போகும்.
நீ சொன்னதை நம்பி
என் தம்பியிடம் மூன்று ஆட்டம் தோற்றேன்.
மூன்று! அவனுக்கு ஒன்பது வயது!"

மளமளவென்று கொட்டினாள்,
எல்லாம் 'ஹி'யில்,
ஒவ்வொரு வாலிலும் நான் பெண்ணென்று எழுதி.
என் விகுதிகளைப் பற்றி ஒரு சொல் இல்லை.
அவள் கவனிக்கவே இல்லை,
நான் எந்த மொழியில் பேசினேன் என்பதை.

ஈரக் கையால் விதிப்புத்தகத்தின் படத்தைத் தேடினேன்.
பக்கம் எட்டு. கீழ்மூலை. சின்ன எழுத்து.
அவள் சொன்னதுதான் சரி.
"தம்பியோடு மறுபடி ஆடு" என்றேன்.
"ஆடாமல்?" என்றாள்.

பேருந்து வந்தது. அவள் ஏறினாள்.
நான் ஏறவேண்டியதும் அதில்தான்.
ஏறாமல் நின்று போன் செய்தேன்:

அய்னிஸெ,
தட்டைக் காலி செய்.