முக்கோணத்துக்குள் ஐந்து

குரிச்சிபாவில் ஜூலை, விரல் விறைக்கிற மாதம்.
இரவு பதினொன்றரைக்குப் பேருந்துப் பணிமனையில்
ஒரே ஒரு மைக்ரோவேவ்.
அதன் முன்னால் எங்கள் வரிசை.
பாதிப்பேர் கையில் ஐஸ்கிரீம் டப்பா:
மூடியில் ஸ்ட்ராபெரி, உள்ளே கருப்பு பீன்ஸ்.
இந்த ஊர்ப் பிள்ளைகள் முதன்முதலில் ஏமாறுவது
காதலில் அல்ல,
ஃப்ரீசரைத் திறக்கும்போது.

நான் பேருந்து கழுவுகிறவள்.
வால்தெசீர் டயர் மாற்றுகிறவர்.
இருபத்தாறு வருஷம் அவருக்குச் சாப்பாடு கட்டித் தந்தாள்
ரோசாஞ்செலா.
கனத்த டப்பா. அடியில் முக்கோணம்,
முக்கோணத்துக்குள் ஐந்து,
பக்கத்தில் மூன்று நெளிகோடு.
அவர் பார்த்ததில்லை.
தின்று முடித்த டப்பாவை யார் புரட்டுகிறார்கள்,
கழுவுகிறவர்களைத் தவிர?

மே மாதம் அவள் கொயானியாவுக்குப் போய்விட்டாள்,
தங்கையிடம்.
குக்கரை விட்டுவிட்டாள். கட்டிலை விட்டுவிட்டாள்.
நாயைக்கூட.
டப்பாக்களை மட்டும் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி
எடுத்துக்கொண்டு போனாளாம்.
"போயும் போயும் அதையா?" என்று
எங்களிடம் கேட்டார்.
ஆண்களுக்குத் தெரியவில்லை.
பெண்கள் நாங்கள் சொல்லவில்லை.

இரண்டு மாதம் ரொட்டியும் வாழைப்பழமும்.
நேற்றுதான் பீன்ஸ்.
தானே ஊறவைத்து, தானே வேகவைத்து,
பன்றிக்கொழுப்பில் பூண்டு தாளித்து,
ஐம்பத்துமூன்று வயதில் முதல் பானை.
ஃப்ரீசரிலிருந்து அப்படியே வந்த ஐஸ்கிரீம் டப்பா,
மூடி இறுக்கி.
நாலு நிமிஷத்தை அழுத்திவிட்டு
கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்,
தேர்வு முடிவுக்கு நிற்கிற பையன் மாதிரி.

முதலில் மூடி உப்பியது.
அப்புறம் ஒரு 'டொப்'.
கொழுப்புக்குத் தண்ணீரைவிடக் கோபம் அதிகம்.
அது கொதித்த கோட்டோடு
டப்பாவின் இடுப்பு சுருங்கி, ஒரு மூலை ஒழுகியது.
பொம்மை எரிகிற நாற்றம்.
நட்டநடுவில் மட்டும்
பீன்ஸ் இன்னும் பனிக்கட்டி.

"ஓரத்தை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடலாம்," என்றார்,
கரண்டியோடு.
யாரும் பேசவில்லை.
நான் பறித்தேன். குப்பையில் கொட்டினேன்,
அவர் முகத்தைப் பார்க்காமல்.
இந்த வருஷம் நான் செய்த வேலைகளில்
கொடியது அதுதான்.

என் கண்ணாடிக் கிண்ணம் உதடு பெயர்ந்தது.
பூசணியும் உப்புக்கண்டமும்.
ஒரு தட்டைச் சாய்த்து மூடி
இரண்டு நிமிஷம்.
எடுத்து, அடிவரை கிளறி,
இன்னும் ஒன்றரை.
நடுவில் ஆவி பறந்ததும் பாதியை அவருக்கு வைத்தேன்.
வாயால் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் மென்றபடி
என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து
காலியான டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்,
கண்ணாடி போடாதவர் கடிதம் படிப்பதுபோல.
"ஐந்து. இதுவும் ஐந்து. இது ஆறு,
ஜெனிவால், இதில் இனிமேல் ஆணி போட்டு வை."
ஜெனிவால் சிரித்தான்.
"ஐந்து இருந்தால் பயமில்லையா?"
"சட்டென்று உருகாது," என்றேன். "அவ்வளவுதான்."
கீறல் விழுந்து, வெளுத்து,
பழைய குழம்பின் நிறம் ஏறிய டப்பாவிலிருந்து
தினம் தினம் என்ன கசியும் என்று
முக்கோணத்தில் எழுதியிருக்காது.
"இருபத்தாறு வருஷம்," என்றார் அவர்.
டப்பாவைத்தான் சொன்னாரா, தெரியவில்லை.

இடுப்பு ஒடிந்த அந்த ஸ்ட்ராபெரி டப்பா
இப்போது டயர் பிரிவில் இருக்கிறது,
சக்கர நட்டுகளைச் சுமந்துகொண்டு.
குளிர்ந்த இரும்புக்கு அது தாங்கும்.

இன்று வால்தெசீர் கையில்
புதுக் கண்ணாடிக் கிண்ணம்.
பீன்ஸில் உப்பு கூடுதல்; நாங்கள் தின்றோம்.
அவரே கழுவினார்.
கழுவிவிட்டுப் புரட்டினார்.
அடியில் ஒன்றுமில்லை,
கிழிக்க மறந்த விலைச்சீட்டைத் தவிர.