கசிவைப் பற்றிப் பேச்செடுக்காதே

மார்ச் முதல் வாரம், பதிவுத் தபால்.
கையெழுத்து வாங்கிக்கொண்ட தபால்காரர்
என் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினார்.
போர்ட்டோவின் இந்தத் தெருவுக்கு
இப்போதெல்லாம் அவர் கொண்டுவருவது
ஒரே வகைக் கடிதம்தான்.

நானூற்று எண்பது, ஜூனிலிருந்து அறுநூற்றுப் பத்து.
சந்தை நிலவரத்தை முன்னிட்டு, என்கிறது.
எந்தச் சந்தை?
எனக்குத் தெரிந்த சந்தையில்
மத்தி மீனுக்குப் பேரம் பேசலாம்.
கடை கட்டும் நேரத்தில் போனால்
வாடின கோசு இலைகளைச் சும்மாவே தருவாள் ஃபிலோமேனா.

கைக்கு வருவது எழுநூற்று எழுபத்து நாலு.
சலவை நிலையத்தில் படுக்கை விரிப்புகளுக்கு
இஸ்திரி போடுகிறேன், ஷிஃப்டுக்கு இருநூறு.
வெளியூர்க்காரர்கள் புரண்ட விரிப்புகள்.
அவற்றில் சில
எனக்கு மேல்தளத்திலேயே விரிகின்றன,
தோனா ஒலிந்தா நாற்பது வருடம் இருந்த வீட்டில்.
அந்தக் கதவில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி தொங்குகிறது.
நாலு எண்ணைத் திருப்பினால் சாவி விழும்.
ராத்திரி இரண்டு மணிக்குக் கல் பாவிய ஏற்றத்தில்
பெட்டிச் சக்கரங்கள் கடகடவென்று வரும்.
ஒரு ராவுக்கு அவர்கள் கொடுப்பது
என் ஐந்து நாள் கூலி.
அவர்கள்மேல் கோபமில்லை.
விரிப்பில் ஒயின் கொட்டுகிறவர்கள்மேல் மட்டும், கொஞ்சம்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள்.
வீங்குவது என் விரல் இல்லையே.

ஹீட்டரை நிறுத்தினேன்.
இரண்டு பேருந்தில் ஒன்றை நடையாக்கினேன்.
கடைவாய்ப் பல்லைக் கட்டினால் நானூறு,
பிடுங்கினால் நாற்பது என்றார் மருத்துவர்.
பிடுங்குங்கள் என்றேன்.

குளியலறைக் கூரை நவம்பரிலிருந்து ஒழுகுகிறது.
வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை.
பழுது பார்க்க வருகிறவன்
கூரையை மட்டுமா பார்ப்பான்?
ஜன்னல் ஓரத்தில் விரல்கடை அளவு ஆறு தெரிகிறதே
என்று போய்ச் சொல்லிவிடுவான்.
தெரிகிற ஆற்றுக்கும் விலையுண்டாம்.
ஆகவே வாளி.
வாளிக்குள் கிழிந்த துண்டு,
சொட்டும் சத்தம் படிக்கட்டுவரை போகாதிருக்க.

பின்னறை ஒன்று இருக்கிறது, ஜன்னல் இல்லாதது.
லக்சம்பர்க் போன மகளின் குளிர்கோட்டுகள் அதில்.
அவற்றை என் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு
அட்டையில் எழுதினேன்: அறை வாடகைக்கு.
எனக்கு வேண்டியது நூற்று முப்பது.
அந்த மாதிரி அறை முந்நூறு போகும் என்றாள்
பக்கத்து மேஜையில் மடிக்கிறவள்.
கை இருநூறு என்று எழுதியது.
கூடுதல் எழுபது எதற்கு என்று
நான் கையைக் கேட்கவில்லை.
நாக்கு, பல் போன குழியைத் தடவிக்கொண்டிருந்தது.

ஹர்க்க பகதூர் வந்தான், நேபாளத்துக்காரன்.
சைக்கிளில் ஊருக்கெல்லாம் சாப்பாடு கொண்டுபோகிறவன்.
முதுகுச் சதுரப் பையைக் கழற்றினால்தான்
வாசலில் நுழைய முடிந்தது.
வாளியைப் பார்த்தான்.
ஒழுகுகிறதே, தோனா கிரசியேட் என்றான்.
வெளியே சொல்லாதே என்றேன்.
சரி என்று தலையாட்டினான்,
ஏற்கனவே எத்தனையோ வீட்டில் ஆட்டிய தலை.

ஒன்றாம் தேதி தவறாமல்
மேஜையில் இருநூறு, உப்பு ஜாடிக்கடியில்.
அவன் சமைத்த பருப்பு சில நாள் எனக்கும் மிஞ்சும்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள்
பெருக்குவதற்காகப் பின்னறைக்குள் போனேன்.
சுவிட்சைத் தட்டினேன். மறுபடி தட்டினேன்.
பல்பு எப்போதோ போயிருக்கிறது.
தலையணைக்குப் பக்கத்தில்
கைபேசியைச் சாய்த்து வைக்க ஒரு டம்ளர்,
அதன் வெளிச்சத்தில் உண்டு, உடுத்தி,
வாரக்கணக்கில் ஒரு வார்த்தை இல்லை என்னிடம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் போவதில்லை.
கடைக்குப் போய் ஒரு பல்பு வாங்கினேன்,
நாற்காலி போட்டு ஏறி மாட்டினேன்,
துண்டைப் பிழிந்து வாளியைக் கொட்டினேன்.

அன்றிரவு கதவிடுக்கில் மஞ்சள் கோடு.
அதைப் பற்றி அவனும் பேச்செடுக்கவில்லை.