சக்கரத்தை இறக்கு

கடற்காற்று ஒரு மணி நேரம் முந்திக்கொண்டது.
உம் அல் குவைன் உப்புத்தரை மேல்
அதுவரை எங்களைத் தூக்கி வைத்திருந்த வெப்பம்
சொல்லாமல் கையை உதறிவிட்டது.

ஷார்ஜாவில் நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன்.
ஆறு நாள் ஊரை ஏற்றி இறக்கிவிட்டு
ஞாயிறு மட்டும் கயிறில்லாமல் போவேன்.

எண்ணூறு அடி.
ஓடுதளத்துக்கும் எங்களுக்கும் நடுவே
மூன்று வரிசை மின்கம்பி, நெரிசலில் நெடுஞ்சாலை.
கீழே காயல்.

பின்னிருக்கை நாதிர், கெய்ரோக்காரர்,
வாய் ஓயாதவர். அன்று நான்கே சொல்:
"தண்ணீர்தான். கரையை ஒட்டி இறக்கு."

பாராசூட் வாரைத் தளர்த்த வேண்டும்,
இருக்கை வாரை இறுக்க வேண்டும்.
ஒன்று அவிழணும், ஒன்று அவிழக் கூடாது.
இரண்டும் ஒரே நிறம்.

பிறகு சக்கரம்.
தண்ணீருக்கு எவனாவது சக்கரம் இறக்குவானா?
வழவழத்த வயிறு மூக்கோடு மூழ்கிவிடுமாம்,
சக்கரம்தான் முதல் அடியை வாங்கிக்கொள்ளுமாம்.
படித்தபோது நம்பவில்லை.
நெம்புகோலைத் தள்ளும்போதும் நம்பவில்லை.
தள்ளினேன்.

நீச்சல் தெரியுமா என்ற கட்டத்தில்
போன வருடம் நான் போட்ட டிக்
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.
இதையா இப்போது அவரிடம் சொல்வது?

அசையாத நீருக்கு உயரம் தெரிவதில்லை.
பார்க்கப் பார்க்க வானம்தான் கீழே கிடக்கிறது.
அலையாத்திச் செடிகளின் உச்சியைப் பிடித்துக்கொண்டேன்,
கண்ணால்.
அவை என் தோளுக்கு வந்தன.
பூநாரைகள் கலைந்தன, ஒன்று மட்டும் போகவில்லை.
குச்சியைப் பின்னுக்கு,
இன்னும் பின்னுக்கு,
வால் முதலில் கிழித்தது.

அப்புறம் ஓர் அறை.
கண்ணாடி முழுக்கப் பச்சை,
பச்சைக்குள் மணல்,
மணலுக்குள் வெளிச்சம்.

மூடியைத் திறந்து, விளிம்பை இறுகப் பற்றி
காலை விட்டேன்.
இடுப்பளவு.
"விடு, அது எங்கேயும் போகாது" என்றார் நாதிர்.
விடவில்லை.

நண்டுவலைப் படகில் தெலவார் வந்தார், வங்காளி.
எங்கள் கை கால்களை எண்ணிப் பார்த்தார்.
சக்கரத்தில் சிக்கிய கடற்புல்லை உருவிப் போட்டார்.
"எஞ்சின் எங்கே விழுந்தது?"
எஞ்சினே கிடையாது என்றேன்
எனக்குத் தெரிந்த இந்தியில், இரண்டு முறை.
பாவமாகப் பார்த்தார்.
கரை சேரும்வரை
கழியால் தரையைத் துழாவிக்கொண்டே வந்தார்.